கழுத்துக்கு ஒரு வயது, உடலுக்கு ஒரு வயது

கம்பத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் பரண் ஒழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஈயம் போன அண்டா, தொட்டில் கம்பு, திராட்சைக் கூடைகள் எல்லாம் இறங்கிய பிறகு, கறுப்புப் பெயிண்ட் அடித்த நீளமான மரப்பெட்டி ஒன்று வருகிறது. மூடியில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு கலைக் குழுவின் பெயர். அதன் கீழே ‘கம்பம் - 625 516, மதுரை மாவட்டம், தமிழ்நாடு’. உள்ளே சிவப்பு நிற எலெக்ட்ரிக் கிதார். தந்தி இல்லை. தலையில் ‘ஃபெண்டர்’ என்ற பெயர் பாதி தேய்ந்து நிற்கிறது. “அமெரிக்கா கிதார்டா. எங்க சித்தப்பா திருவிழாவுல வாசிச்சது” என்கிறார் வீட்டுப் பெரியவர்.

இந்தக் கிதாரை இந்த அத்தியாயத்துக்காக நானே செய்துகொண்டேன். ஆனால் அதில் நான் வைத்திருக்கும் தடயங்களின் வகைகள் எல்லாம் உண்மையானவை. பழைய கிதாரின் வயதைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இவற்றைத்தான் தேடுகிறார்கள். ஒன்றிரண்டை மட்டும் நம் ஊரில்தான் தேட முடியும்.

முதலில் பெட்டியைப் படிப்போம். அஞ்சல் குறியீட்டு எண் இந்தியாவுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. எனவே ‘625 516’ என்ற ஆறு இலக்கங்கள் அதற்கு முன் எழுதப்பட்டிருக்க வழியில்லை. சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனது 1969 ஜனவரி 14 அன்று. இந்தத் தடயமும் சரிதான், ஆனால் அஞ்சல் எண் அதைவிட நெருக்கிப் பிடித்துவிட்டதால் இதற்கு இனி வேலை இல்லை. மதுரையிலிருந்து தேனி மாவட்டம் பிரிந்தது 1996இல். அதற்குப் பிறகு பெட்டி எழுதியவர் ‘மதுரை மாவட்டம்’ என்று போட்டிருக்க மாட்டார். பழக்க தோஷத்தில் போட்டிருந்தால் ஒழிய.

அந்த ‘ஒழிய’வை விட்டுவிடக் கூடாது. மூடியில் ‘கலை’ என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுருண்டு எழும் பழைய ‘லை’. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டு அந்தத் தும்பிக்கையை எடுத்தது. அப்படியானால் பெட்டி 1978க்கு முந்தியதா? இருக்கலாம். ஆனால் தூரிகை பிடித்துப் பழகிய கை அரசாணை வந்த மறுநாளே மாறிவிடாது. சுவர் விளம்பரங்களிலும் கடைப் பலகைகளிலும் அந்த ‘லை’ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தது.

வயது பார்க்கும் கலையின் அடிப்படையே இந்த ஏற்றத்தாழ்வுதான். ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று சொல்லும் தடயம் கல் தரை மாதிரி, ஏறி நிற்கலாம். ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்பது கீற்றுக் கூரை. எப்போதும் எங்காவது ஒழுகும். புதுப் பொருள் பிறக்கும் முன் அதைப் பயன்படுத்த யாராலும் முடியாது. பழைய பொருளையோ பழைய வழக்கத்தையோ எத்தனை வருடம் கழித்தும் எடுத்து ஆளலாம். பெட்டியின் தரை 1972. கூரை, ஏறத்தாழ 1980 என்று வைத்துக்கொள்ளலாம், சத்தியம் செய்யாமல்.

அது பெட்டியின் வயது மட்டுமே. கிதாரின் வயது வேறு.

கம்பம் பள்ளத்தாக்கில் எலெக்ட்ரிக் கிதாரா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். அதே உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இளையராஜா. பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிய பாவலர் வரதராஜனின் தம்பி. அண்ணனோடு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய், 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். இசையமைப்பாளர் ஆகும் முன் சலில் சௌத்ரி போன்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கிதார் வாசித்துச் சம்பாதித்தவர். 1976இல் ‘அன்னக்கிளி’. அதன் பிறகு அவர் பாடல்களை மேடையில் அப்படியே வாசித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் ஊர்தோறும் இருந்த மெல்லிசைக் குழுக்களுக்கு வந்தது. அந்தப் பாடல்களில் கிதாரும் பேஸ் கிதாரும் ஓரமாக நிற்பதில்லை, முன்னால் வந்து பேசுகின்றன. ஒரு தபேலாவையும் ஒரு ஆர்மோனியத்தையும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. கிதார் வேண்டும், அது மைக் செட்டில் கேட்கவும் வேண்டும்.

ஆனால் கிதாருக்கு எங்கே போவது? இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம். கல்கத்தா தயாரிப்புகள்தான் கைக்கு எட்டியவை. அவற்றின் பெயர்களே ஒரு வேடிக்கை. கிப்சனுக்குப் பக்கத்தில் கிவ்சன், கிப்டோன், ஹோஃப்னருக்குப் பக்கத்தில் ஹோப்னர். ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு உலகப் பெயரை உள்ளூர் ஆக்கிய துணிச்சல் அது. இந்தக் கிதார்களில் வரிசை எண்ணைத் தேடி நேரத்தை வீணாக்குவதைவிட, உள்ளே ஒட்டிய லேபிளில் முகவரியைப் பார்ப்பது மேல். அஞ்சல் எண் உண்டா, ‘கல்கத்தா’வா, 2001க்குப் பிந்தைய ‘கொல்கத்தா’வா என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

நம் கையில் இருப்பதோ ஃபெண்டர் என்கிறது. தலையில் உள்ள பெயரை நம்புவது சாட்சி சொல்ல வந்தவனிடம் அவன் யோக்கியதையை அவனிடமே கேட்பது மாதிரி. ஸ்க்ரூ டிரைவரை எடுப்போம்.

ஃபெண்டர் கிதாரின் கழுத்து உடலோடு ஒட்டப்பட்டதல்ல. நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்டது. 1950இல் லியோ ஃபெண்டர் இப்படிச் செய்தபோது வாத்தியம் செய்பவர்கள் சிரித்தார்கள் என்பார்கள். ஆனால் பழுது பார்ப்பவனுக்கும் வயது பார்ப்பவனுக்கும் அது பெரிய வசதி. நான்கு ஆணியைக் கழற்றினால் கழுத்து தனியே கையோடு வந்துவிடும். அதன் அடிப்பாகத்தில், வெளிச்சம் படாத இடத்தில், தொழிற்சாலையில் போட்ட முத்திரை இருக்கும். 1962 வரை பென்சில் எழுத்து, அதற்குப் பிறகு ரப்பர் ஸ்டாம்ப்.

நம் கிதாரில் ‘13 மே 66 பி’ என்று இருக்கிறது.

பார்த்தவுடன் 1966 மே 13 என்று படிக்கத் தோன்றும். பலரும் அப்படியே படித்துச் சண்டையும் போட்டிருக்கிறார்கள். ஆனால் முதலில் உள்ள எண் தேதியல்ல, மாடலின் குறியீடு. 1966இல் 13 என்றால் ஸ்ட்ராட்டோகாஸ்டர். கடைசியில் உள்ள ‘பி’ கழுத்தின் அகலம். மாதமும் வருடமும் மட்டும்தான் தேதி. அதுவும் கிதார் முடிந்த தேதியல்ல, கழுத்து முடிந்த தேதி. தட்டில் கிடந்த கழுத்துகளில் எது அன்று கைக்கு வந்ததோ அதுதான் உடலில் ஏறும்.

கழுத்தை மூடும் உலோகத் தகட்டில் உள்ள வரிசை எண்ணுக்கும் இதே கதைதான். தகடுகள் ஒரு டப்பாவில் கிடந்தன, எடுத்தவர் எண்ணைப் பார்த்து எடுக்கவில்லை. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் வைத்திருந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் எண் 0001. அது முதலில் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் அல்ல. ஆனாலும் 2019இல் 18 லட்சத்து 15 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. கிப்சனின் 1960களின் எண்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஒரே எண்ணை வேறு வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள்.

எண் பொய் சொல்லும் இடத்தில் உதிரிப் பாகம் உண்மை சொல்லும். நம் ரேடியோ மெக்கானிக்குகள் ‘வால்யூம் கன்ட்ரோல்’ என்று கூப்பிடும் திருகுமின்தடையைத் திருப்பினால் முதுகில் ஒரு எண் பொறித்திருக்கும். ‘137 66 12’ என்று வைத்துக்கொள்வோம். 137 என்பது சி.டி.எஸ். நிறுவனத்தின் அடையாளம், 304 என்றிருந்தால் ஸ்டாக்போல். அடுத்து வருடம், அடுத்து வாரம். ஆக 1966இன் 12ஆவது வாரம், மார்ச். கிதார்களுக்காக ஏற்பட்ட குறியீடு அல்ல இது. அமெரிக்க மின்னணுத் தொழில் முழுவதும் பின்பற்றிய முறை. ரேடியோவுக்கும் டிவிக்கும் போன அதே பாகம்தான் கிதாருக்கும் போனது. கிதாரைப் பற்றிப் பொய் சொல்ல அந்தத் தொழிலாளிக்கு எந்தக் காரணமும் இல்லை. நல்ல சாட்சி.

ஆனால் இதுவும் தரைதான், கூரை அல்ல. 1966இல் ஃபெண்டர் இந்தக் கன்ட்ரோல்களை மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டது. 1969இல் செய்த கிதார்களில்கூட 1966 தேதி போட்டவை இருக்கின்றன. கன்ட்ரோலின் கால்களில் உள்ள ஈயப்பற்றையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலைப் பற்று ஒரு முறை உருகி உறைந்து, மங்கிய பளபளப்போடு இருக்கும். இங்கே பற்று கட்டி கட்டியாக, பிசின் கருகிய கறையோடு இருக்கிறது. யாரோ கழற்றி மறுபடி வைத்திருக்கிறார்கள். உள்ளூர் ரேடியோக் கடைக் கை.

அடுத்து பிக்கப். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கண் அது. ஆறு சிறு காந்தங்கள், அவற்றைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஏழாயிரம் சுற்றுக்கும் மேல். இரும்புத் தந்தி ஆடும்போது காந்தப் புலம் குலுங்கி, கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டதேதான், வேறு மாயம் இல்லை. கம்பியின் மேல்பூச்சும் காலம் சொல்லும். ஃபெண்டரில் 1964 வாக்கில் பொன்னிறப் பூச்சு போய்க் கருஞ்சிவப்புப் பூச்சு வந்தது.

பலரும் மல்டிமீட்டர் வைத்து மின்தடையை அளந்து, ஒரு கிலோ ஓம் கூடக் குறைய இருந்தால் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரி அறையில் 5.8 கிலோ ஓம் காட்டிய பிக்கப்பை, சித்திரை வெயிலில் 38 டிகிரிக்கு உடல் சுட்டுக் கிடக்கும் கிதாரில் அளந்தால் ஏறத்தாழ 6.2 காட்டும். ‘கூடுதல் சுற்று போட்ட ஸ்பெஷல் பிக்கப்’ என்று அதை விற்றுவிடவும் முடியும். வெளிநாட்டுப் புத்தகத்து எண்ணோடு ஒப்பிடும் முன், கிதாரைச் சற்று நேரம் நிழலில் வையுங்கள்.

இதுவரை எல்லாம் 1966 என்று ஒத்துப் பாடுகிறது. பெரியவர் மீசையை நீவிக்கொள்ளலாம். ஆனால் இன்னும் உடலைப் பார்க்கவில்லை.

சிவப்பு. ஃபெண்டர் கொஞ்சம் அதிகக் காசுக்கு, விலைப்பட்டியலில் 5 சதவீதம் கூட, வாடிக்கையாளர் கேட்ட நிறம் அடித்துக் கொடுத்தது. அந்த நிறங்கள் எல்லாம் கார் பெயிண்டுகள். ‘ஃபியஸ்டா ரெட்’ என்ற புகழ்பெற்ற சிவப்பு, 1956 ஃபோர்டு தண்டர்பேர்டு காரில் இருந்து வந்தது. இத்தகைய தனி நிறக் கிதாருக்கு இன்று சந்தையில் தனி விலை. அதனால்தான் பின்னாளில் சிவப்பு அடித்துவிட்டு ‘தொழிற்சாலைச் சிவப்பு’ என்று சொல்வதும் நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் புற ஊதா விளக்கு பிடிப்பார்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வயதாக ஆக மஞ்சளும் பச்சையும் கலந்த மங்கிய ஒளி விடும். நவீனப் பூச்சுகள் பெரும்பாலும் அப்படி ஒளிர்வதில்லை. நம் கிதாரில் விளக்கைப் பிடித்தால் ஒளிர்கிறது!

கம்பத்தில் இந்தச் சோதனை காலை வாரிவிடும். நம் ஊரில் பீரோவுக்கும் பஸ்ஸுக்கும் அம்பாசிடருக்கும் ‘டூகோ பெயிண்ட்’ அடிப்பார்களே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1920களில் கார்களுக்காகக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் பெயர் டூகோ. ஃபெண்டரின் தனி நிறங்களில் பலவும் அதே டூகோதான். கலிஃபோர்னியாவில் ஃபெண்டர்காரரும் கம்பத்துப் பட்டறையில் பெயிண்டரும் ஒரே வேதியியலைத் தெளித்திருக்கக்கூடும். விளக்குக்கு வித்தியாசம் தெரியாது. சுற்றுப்புறத்துக்குப் பொருந்தாத சோதனை பதில் சொல்லாமல் இருப்பதில்லை, தவறான பதிலைத் தெளிவாகச் சொல்கிறது. அதுதான் ஆபத்து.

பெயிண்ட் படாத இடத்தைத் தேடுவோம். பிக்கப்பைத் தூக்கினால் அடியில் குழி. ஃபெண்டர் தொழிற்சாலையில் இந்தக் குழிகளை இயந்திரம் குடைந்தது. சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். இங்கே சுவரில் வரிசையாக உளித் தடம். மரம் மஞ்சள், அடியாழத்தில் நல்ல மஞ்சள், வெளிச்சம் பட்ட விளிம்பில் பழுப்பு. ஃபெண்டரின் ஆல்டரும் ஆஷும் இந்த நிறத்துக்குப் பக்கத்தில்கூட வராது. மஞ்சளாகப் பிறந்து வெளிச்சத்தில் பழுப்பாகும், வீணைக் குடத்துக்கும் மிருதங்கத்துக்கும் ஆகும், துண்டுகளைக் கொதிக்கவைத்தால் புத்த பிக்குகளின் துவராடைக்குச் சாயம் தரும் ஒரு மரம் நமக்குத் தெரியும். பலா.

அமெரிக்கக் கழுத்து, உள்ளூர் உடல். வீணை செய்யத் தெரிந்தவரோ, நாற்காலி செய்யும் ஆசாரியோ, ஒரு மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு பலாக் கட்டையில் செதுக்கியிருக்கிறார்.

இது போலியா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ 1950களின் மூன்று ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைப் பிரித்து நல்ல பாகங்களைச் சேர்த்துக் கட்டியது. 2004இல் 9 லட்சத்து 59 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. குவீன் குழுவின் பிரையன் மே, தன் அப்பாவோடு சேர்ந்து 1963 வாக்கில் வீட்டிலேயே செய்த கிதாரின் கழுத்து, பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டத்து மரம். மரத்தின் வயதைக் கேட்டால் அந்தக் கிதார் எலெக்ட்ரிக் கிதாரே கண்டுபிடிக்கப்படாத நூற்றாண்டுக்குப் போய்விடும்.

மரத்தின் வயதை அறிய முடியுமா? மித வெப்ப நாட்டு மரங்களில் ஆண்டு வளையம் எண்ணலாம். பலா போன்ற மரங்களில் வளையங்கள் நம்பும்படி இராது. வேறு வழி ஒன்று உண்டு, கொஞ்சம் பயங்கரமான வழி. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கரிமத்தின் அளவு ஏறத்தாழ இரட்டித்தது. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாக இறங்கியது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த ஒவ்வொரு மரமும், கம்பத்துப் பலா உட்பட, அன்றைய காற்றைத் தன் நாரில் பூட்டி வைத்திருக்கிறது. உடலிலிருந்து கடுகளவு சீவல் எடுத்து அளந்தால், அந்த நார் வளர்ந்த காலம் ஒன்றிரண்டு ஆண்டு துல்லியத்தில் கிடைக்கும். வளைகோடு ஏறி இறங்குவதால் ஒரு அளவுக்கு இரண்டு பதில் வரும். பக்கத்து அடுக்கிலிருந்து இன்னொரு சீவல் எடுத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். அப்போதும் அது மரம் வளர்ந்த ஆண்டுதான். வெட்டியதும் செதுக்கியதும் அதற்குப் பிறகு எப்போதோ.

அவ்வளவு செலவு செய்யாமல் ஒரு குறுக்கு வழி கழுத்துக் குழியிலேயே காத்திருக்கிறது. கழுத்து சாய்வு சரியாக அமையாவிட்டால் அடியில் ஒரு சிறு தக்கை வைப்பார்கள். இங்கே நாலாக மடித்த காகிதம். விரித்தால் தினசரி காலண்டர் தாள்: 1975 ஜனவரி 14, செவ்வாய், பொங்கல். அப்படியானால் உடல் 1975இல் செய்ததா? இல்லை. காகிதம் சொல்வது ஒன்றுதான்: கடைசியாகக் கழுத்தை முடுக்கியது அந்தத் தேதிக்கு முன்பல்ல. உடல் அதற்கு முன்பே செய்ததாக இருக்கலாம். பல முறை கழற்றி மாட்டியதாகவும் இருக்கலாம்.

இனி விரல்பலகை. கழுத்தின் மேல் ஒட்டிய கரிய ஊதாப் பலகை. 1959இல் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு இது வந்தபோது அடிப்பக்கம் தட்டையான தடித்த பலகை. 1962 நடுவில் வளைவாகச் சீவிய மெல்லிய பலகையாயிற்று. நம்முடையது மெல்லியது, 1966க்குப் பொருத்தம். மரம் எது? தொடக்கத்தில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட், 1960களின் நடுவிலிருந்து இந்திய ரோஸ்வுட். நம் மொழியில் தோதகத்தி அல்லது ஈட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையில், இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிய மலைகளிலும் வளர்வது. 1994இல் இதைக் காக்கவே தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. பட்டா நிலத்து மரத்தையும் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று.

பிரேசில் மரமா, நம் மரமா என்று கண்ணால் சொல்வதாகப் பலர் சத்தியம் செய்வார்கள். நான் அவர்களை நம்புவதில்லை. விலையும் சட்டமும் இதில் தொங்குகின்றன. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் பிரேசில் மரம் 1992லேயே மிகக் கடுமையான பட்டியலில் ஏறியது. 2017இல் மற்ற எல்லாத் தோதகத்தி இனங்களும் அடுத்த பட்டியலில் சேர்ந்தன. கலைஞர்கள் விமான நிலையங்களில் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2019இல் முடிந்த வாத்தியங்களுக்கு அந்த இரண்டாம் பட்டியலில் மட்டும் விலக்கு வந்தது. அமெரிக்காவின் ஆஷ்லாண்ட் நகரில் உள்ள வனவிலங்குத் தடயவியல் ஆய்வகம், மரச் சிராயை வெப்ப வாயுவில் காட்டி, அதிலிருந்து எழும் மூலக்கூறுகளின் எடையை அளந்து இனம் பிரிக்கிறது. நம் விரல்பலகை அந்தச் சோதனையில் இந்திய மரம் என்று வந்தால், மலையிலிருந்து இறங்கிக் கடல் தாண்டிப் போன கட்டை பலா உடலோடு சேர மறுபடி இங்கே வந்திருக்கிறது என்று பொருள்.

பலகையின் இரு ஓரத்திலும் விரலை ஓட்டுங்கள். ஃப்ரெட் கம்பிகளின் முனை கீறும். கடற்கரை ஈரத்தில் உப்பிய மரம், ஆடிக் காற்றில் காய்ந்து குறுக்குவாக்கில் சுருங்கும். உலோகம் சுருங்காமல் முட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கிதார் வறண்ட ஊரில் நெடுநாள் கிடந்திருக்கிறது. பிக்கப் காந்தங்களில் துரு இல்லாததும் அதையே சொல்கிறது. சென்னையில் கிடந்திருந்தால் கதை வேறு.

கூட்டிப் பார்த்தால்: கழுத்து 1966 மே, கன்ட்ரோல் 1966 மார்ச், பெட்டி 1972க்குப் பின், கடைசியாக முடுக்கியது 1975 பொங்கலுக்குப் பின். உடலின் பிறப்பு மட்டும் இன்னும் விரிந்த இடைவெளியில் கிடக்கிறது.

உடலின் கீழ் ஓரத்தில் இன்னொன்று இருக்கிறது. அரை அங்குல வட்டத்தில் ஒரு கரும்புள்ளி. ஒரு காலத்தில் அங்கே கூடுதல் சுவிட்ச் ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்தக் கால ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மூன்று நிலை சுவிட்ச்தான். இரண்டு நிலைகளுக்கு நடுவே கிடைக்கும் குரலுக்காக வாசிப்பவர்கள் சுவிட்சை இடையில் செருகி நிறுத்துவார்கள். அதற்கென்றே தனி சுவிட்ச் போட்டு, பிறகு வேண்டாமென்று எடுத்து, ஓட்டையை மரத்தால் அடைத்திருக்கிறார்கள். அடைப்பின் மேல் பெயிண்ட் இல்லை. ஆகவே சிவப்புக்குப் பிந்திய வேலை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அது பலா அல்ல, தோதகத்தித் துண்டு. யாரும் பார்க்கப் போகாத அந்த இடத்திலும், துண்டின் ரேகை பலாவின் ரேகை ஓடும் திசையிலேயே திருப்பி அடிக்கப்பட்டிருக்கிறது.